செம்பட்டை பாய்ந்த படம்: ஓர் இங்க்ஜெட் அச்சு மங்கிய காரணமும் அதன்பின் தேர்ந்த பிரிண்டரும்

இந்த ஆய்வுக்கு அடிப்படை ஒரே ஒளிப்படத்தின் மூன்று அச்சுகள். என் தாத்தாவும் பாட்டியும் நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஸ்கேன் செய்து, கீறல்களையும் பூஞ்சைப் புள்ளிகளையும் கணினியில் நீக்கினேன். பிறகு அப்போது என்னிடமிருந்த வீட்டுப் பயன்பாட்டு இங்க்ஜெட் பிரிண்டரில், ஒரே நாளில், ஒரே பொதியிலிருந்து எடுத்த பளபளப்புத் தாளில் மூன்று பிரதிகள் அச்சிட்டேன். முதல் பிரதி பெரியம்மா வீட்டுக்குப் போய், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கியது. இரண்டாம் பிரதியை அண்ணன் சட்டமிடாமல் தம் படிப்பறைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்துக்கொண்டார். மூன்றாவது, பாலியெஸ்டர் உறையில் இட்டபடியே என் மேசை இழுப்பறையில் தங்கிவிட்டது.

14 மாதங்கள் கழிந்தபின் அண்ணன் தொலைபேசியில் அழைத்து, "என்னடா, தாத்தா தலையெல்லாம் செம்பட்டை அடிச்சுப்போச்சு" என்றார். நேரில் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னதில் மிகையில்லை. சாம்பல் நிறமாக இருந்த இடங்கள் அனைத்தும் ஆரஞ்சு கலந்த பழுப்பாக மாறியிருந்தன. வெள்ளை வேட்டியின் மடிப்புகளில் நிழலே இல்லை. வெயில் பட்டிருக்கும் என்பதே வீட்டிலிருந்த எல்லோருடைய முடிவும். ஆனால் அந்த அறைக்குள் வெயில் நுழைவதே கிடையாது. கைப்பேசியின் ஒளியளவுச் செயலியில் பார்த்தேன். அது நுட்பமான கருவியல்ல என்றாலும், அலமாரியருகே பகலில் 60 லக்ஸ் அளவையும், பெரியம்மா வீட்டுச் சுவரில் 700 லக்ஸ் அளவையும் காட்டியது. பத்து மடங்குக்கு மேல் ஒளி வாங்கிய படம் ஏறக்குறைய நன்றாகவே இருந்தது. இருட்டு அறையில் இருந்த படம் அழிந்துகொண்டிருந்தது. இழுப்பறையில் கிடந்த பிரதியிலோ கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் எதுவும் இல்லை.

ஒளி குற்றவாளியல்ல என்பது இந்த மூன்று பிரதிகளையும் அருகருகே வைத்த உடனேயே தெளிவாகிவிட்டது. கண்ணாடிக்குள்ளும் உறைக்குள்ளும் இருந்தவை பிழைத்தன, திறந்து கிடந்தது மட்டும் கெட்டது என்றால், சந்தேகம் காற்றின் மேல்தான் விழ வேண்டும்.

காற்று செய்த வேலை

இங்க்ஜெட் மைகள் இருவகை. சாய மையில் நிறப்பொருள் உப்பு நீரில் கரைவதுபோல் முழுதும் கரைந்திருக்கும். நிறமி மையில் நிறப்பொருள் கரையாத துகள்களாக, ஒரு மைக்ரானில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவில், பெரும்பாலும் பிசின் உறை போர்த்தப்பட்டு மிதக்கும். கரைந்த சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தனியே நிற்பதால் ஒளியும் வாயுவும் அதை எளிதில் தாக்குகின்றன. துகளில் மேற்பரப்பு மூலக்கூறுகள் சிதைந்தாலும் உள்ளிருப்பவை தப்புகின்றன. இதற்குச் சியான் என்னும் பச்சை கலந்த நீல நிறம் நல்ல எடுத்துக்காட்டு. செப்பு தாலோசயனின் என்னும் சேர்மம் துகளாக இருக்கும்போது, அச்சுத்துறையில் மிக உறுதியான நீல நிறமிகளுள் ஒன்று. அதே சேர்மத்தை நீரில் கரையும்படி மாற்றிச் சாயமாக்கினால், ஓசோன் வாயுவின் முன் அது விரைவில் நிறமிழக்கிறது. சியான் போய்விட்டால் படத்தில் எஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும். இரண்டும் சேர்ந்தால் ஆரஞ்சு. தாத்தாவின் தலை செம்பட்டையானதன் வேதியியல் இவ்வளவுதான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 ஆகிய சாய மை பிரிண்டர்களில் ஒருவகைப் பளபளப்புத் தாளில் எடுத்த படங்கள் சிலருடைய வீடுகளில் சில வாரங்களிலேயே ஆரஞ்சாக மாறியது அப்போது பெரிதும் பேசப்பட்டது. வேறு சிலருடைய வீடுகளில் அதே தாளில் எடுத்த படங்கள் அப்படியே இருந்ததால், தொடக்கத்தில் காரணம் பிடிபடவில்லை. வீட்டுக்கு வீடு காற்றில் உள்ள ஓசோன் அளவு வேறுபடுவதே விடை. அதே காலத்தில் அந்நிறுவனம் கொண்டுவந்த ஸ்டைலஸ் ஃபோட்டோ 2000பி நிறமி மையைப் பயன்படுத்தியது. அதன் அச்சுகள் நெடுங்காலம் உழைக்கக்கூடியவை என்றாலும், விளக்கொளியில் சரியாகத் தெரிந்த சாம்பல் நிறம் பகலொளியில் பச்சை பாய்ந்து தெரிந்தது. நிறமி மை அந்தக் குறையிலிருந்து மீள மேலும் சில ஆண்டுகள் ஆயின.

மை மட்டுமே காரணம் என்று சொல்வதும் பாதி உண்மைதான். நான் பயன்படுத்தியது நுண்துளைப் பூச்சுத் தாள். சிலிக்கா அல்லது அலுமினாத் துகள்களாலான அதன் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டு. மை அவற்றுக்குள் உடனே இறங்கி, தாள் பிரிண்டரிலிருந்து வெளிவரும்போதே தொட்டால் ஒட்டாத நிலையில் இருக்கும். மை இறங்கிய அதே துளைகள் வழியாகக் காற்றும் இறங்குகிறது. இதற்கு மாறாக, ஜெலட்டின் அல்லது பாலிவினைல் ஆல்கஹால் போன்றவற்றால் ஆன, வீங்கும் வகைப் பூச்சுத் தாளில், ஈரம் பட்டதும் பூச்சு ஊதிப் பெருத்து மையை உள்வாங்கி, உலர்ந்ததும் அதன்மேல் மூடிக்கொள்கிறது. சாய மைக்கு அது உண்மையான பாதுகாப்பு. ஆனால் அது உலர நெடுநேரம் பிடிக்கும், ஒரு சொட்டு நீர் பட்டால் கெட்டுவிடும். விரைவில் உலர்வதை வாங்குவோர் விரும்பியதால் கடைகளில் நுண்துளைத் தாளே நிறைந்துவிட்டது.

ஊகத்தை உறுதிசெய்ய ஒரு சிறு சோதனை செய்தேன். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 11 படிகள் கொண்ட சாம்பல் பட்டை ஒன்றை அதே பிரிண்டரில் இரண்டு முறை அச்சிட்டு, ஒன்றைத் திறந்தும் மற்றொன்றைப் பாலியெஸ்டர் உறையிலிட்டும், வெயில் படாத மூலையில் ஓடும் மேசை மின்விசிறிக்கு முன் தொங்கவிட்டேன். வாயுத் தாக்குதலில் ஓசோனின் அளவு மட்டுமன்றி, எவ்வளவு காற்று மேற்பரப்பைத் தொட்டுச் செல்கிறது என்பதும் கணக்கில் சேரும். ஏழாம் வாரத்தில் திறந்த பட்டையின் நடுச் சாம்பல் படிகள் செம்மை காட்டின, உறையிலிருந்தது மாறவில்லை. அண்ணன் அறையை மறுபடி சுற்றிப் பார்த்தபோது அலமாரியின் கீழ்த்தட்டில் காற்றைத் தூய்மையாக்கும் அயனியாக்கக் கருவி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வகைக் கருவிகளில் சில ஓசோனையும் உண்டாக்குபவை. காற்றைச் சுத்தம் செய்ய வைத்தது படத்தைச் சுத்தமாக வெளுத்துக்கொண்டிருந்தது என்று அண்ணனிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

எந்தப் பிரிண்டர்

மீண்டும் அச்சிட வேண்டும் என்று ஆனபின், நிறமி மை என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நிறமி மை பிரிண்டர் எல்லோருக்கும் உகந்ததல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். துகள்கள் மிதக்கும் மை, மயிரிழையினும் நுண்ணிய துளைகள் வழியே வெளிவருகிறது. வாரக்கணக்கில் அச்சிடாமல் விட்டால் துளைகள் அடைபடும், அடைப்பை நீக்கும் ஒவ்வொரு சுத்திகரிப்பும் நல்ல மையையே குடிக்கும். ஆண்டுக்குப் பத்துப் படம் எடுப்பவர், நிறமி மையில் அச்சிட்டுத் தரும் பணிக்கூடத்தில் கொடுத்து வாங்கிக்கொள்வதே அறிவுடைமை. என் கணக்கில் மாதம் 20 அச்சுகள் வரை இருந்ததால்தான் வாங்கும் பக்கம் சாய்ந்தேன்.

பெருந்தொட்டியில் மை ஊற்றிக்கொள்ளும் மலிவான நான்கு நிறப் பிரிண்டர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. அவற்றில் பலவற்றின் விளம்பரத்தில் நிறமி என்ற சொல் இருக்கும். பெரும்பாலும் கறுப்பு ஒன்றுதான் நிறமி. அதுவும் வெற்றுத்தாளில் எழுத்து அச்சிடுவதற்கானது. பளபளப்புத் தாளைத் தேர்ந்ததும் அந்தக் கறுப்பு ஒதுங்கிக்கொள்ள, மூன்று சாய மைகள் கலந்து கறுப்பை உண்டாக்கும். என் பழைய பிரிண்டரும் இந்த வகையே. கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒவ்வொரு சாம்பலும் மூன்று நிறங்களின் சமநிலையில் நின்றதால், அவற்றுள் ஒன்று சற்றே குறைந்ததும் முழுப்படமும் காட்டிக்கொடுத்துவிட்டது. வண்ணப்படமாக இருந்திருந்தால் இன்னும் ஓராண்டு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நான் முதலில் தேடியது கறுப்புடன் சாம்பலும் வெளிர்சாம்பலும் தனித்தனிக் குப்பிகளில் உள்ள பிரிண்டர். இவ்வகையில் கறுப்பு வெள்ளைப் படத்தின் பெரும்பகுதி கார்பன் நிறமியாலேயே உருவாகிறது. நிற மைகள் சாயலைத் திருத்தச் சிறிதளவே சேர்கின்றன. கார்பனைவிட உறுதியான நிறப்பொருள் இந்தத் தொழிலில் இல்லை. அடுத்துப் பார்த்தது கழிவு மைத் தொட்டி. சுத்திகரிப்பின்போது வடியும் மையைத் தாங்கும் அந்தப் பஞ்சு, உரிமையாளரே கழற்றி மாற்றும் பெட்டியாக இருந்தால் நல்லது. உள்ளே புதைந்திருந்தால், பஞ்சு நிறைந்ததும் நன்றாக ஓடும் இயந்திரம் ஒருநாள் தானே நின்றுவிடும். மூன்றாவதாக, தடித்த பருத்தித் தாளை வளைக்காமல் நேராகச் செலுத்தும் வழி.

அச்சுத்தலையின் வகை பற்றி நெடுநாள் யோசித்தேன். எப்சன் பயன்படுத்தும் பீசோ தலையில் மின்னழுத்தத்தால் வளையும் படிகம் மைத்துளியைத் தள்ளுகிறது. அது இயந்திரத்தின் ஆயுளுக்கும் உழைக்கும்படி அமைக்கப்பட்டது. ஆனால் கெட்டால் செலவு பெரிது. கேனனும் எச்பியும் பயன்படுத்தும் வெப்பத் தலையில் நுண்ணிய சூடேற்றி மையைக் கொதிக்கவைத்து, எழும் குமிழியால் துளியை வெளியேற்றுகிறது. அது காலப்போக்கில் தேயும். ஆனால் பல மாதிரிகளில் பயனரே தலையை மாற்றலாம். படத்தின் ஆயுளை இந்த வேறுபாடு தொடுவதில்லை. எனவே இதை ஒதுக்கிவிட்டு, குப்பியின் கொள்ளளவைப் பார்த்தேன். மேசைமேல் வைக்கும் நிறமி மை பிரிண்டர்களில் அது ஏறத்தாழ 14 மில்லி லிட்டரிலிருந்து 80 மில்லி லிட்டர் வரை இருக்கிறது. சிறு குப்பி இயந்திரம் வாங்கும்போது மலிவு, மை போடும்போது கண்ணைக் கட்டும். புதிய இயந்திரத்தின் முதல் நிரப்பலில் குழாய்களும் தலையும் நிறைவதற்கே கணிசமான மை போய்விடும் என்பதையும் அறிந்து வாங்க வேண்டும். இறுதியில் வாங்கியது ஏ3 பிளஸ், அதாவது 329க்கு 483 மில்லி மீட்டர் தாள் வரை ஏற்கும், மூன்று நிலைக் கறுப்பு கொண்ட ஒன்று. மாதிரியின் பெயரைச் சொன்னால் அடுத்த ஆண்டே அது பழையதாகிவிடும்.

ஆயுட்கால எண்களைப் படிக்கும் முறை தனியே கற்க வேண்டிய ஒன்று. இத்துறையில் பலரும் மேற்கோள் காட்டும் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் அமைப்பு, நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் ஒளியில் சட்டத்துக்குள் தொங்கும் படத்தை அளவுகோலாகக் கொள்கிறது. ஆண்டுக்கு இது ஏறத்தாழ 19.7 லட்சம் லக்ஸ் மணி. கோடாக் நிறுவனம் ஒரு காலத்தில் தன் தாள்களுக்கு 120 லக்ஸ் என்றே கணக்கிட்டது. முதல் அளவுகோலில் 60 ஆண்டு என்று வரும் படம், வேறெதுவும் மாறாமல், இரண்டாம் அளவுகோலில் 225 ஆண்டாகிவிடும். ஆகவே ஆண்டுகளைப் பார்க்காமல் ஒளியின் மொத்த அளவைப் பார்ப்பதே முறை. பெரியம்மாவின் சுவரில் 700 லக்ஸ் ஒளி நாளுக்கு 10 மணி நேரம் விழுவதாகக் கொண்டால், அதே 60 ஆண்டு படம் அங்கே 46 ஆண்டுகளிலேயே அதே அளவு மங்கிவிடும். இவையெல்லாம் கடும் ஒளியில் விரைவுபடுத்திச் செய்த சோதனைகளின் நீட்சிகள் என்பதும், குறிப்பிட்ட மை, குறிப்பிட்ட தாள் என்னும் இணைக்கு மட்டுமே பொருந்துபவை என்பதும் நினைவிலிருக்க வேண்டும். வேறு மையை ஊற்றிய கணமே அந்த எண் நமக்குரியதல்ல.

தாள்

பிரிண்டரைத் தேர்ந்ததைவிடத் தாளுக்கே அதிக நாள் செலவானது. நிறமி மை நூறாண்டு நிற்கக்கூடியதாக இருந்து, அதன் கீழுள்ள தாள் இருபதாண்டில் மஞ்சளித்தால் என்ன பயன்? தாளை மஞ்சளிக்கச் செய்யும் லிக்னின் என்னும் மரப்பொருளை நீக்கிய ஆல்ஃபா செல்லுலோஸ் (தூய்மையாக்கிய மரக்கூழ் இழை) அல்லது பருத்தி இழையால் ஆனதும், அமிலத்தை ஈடுகட்டக் கால்சியம் கார்பனேட் சேர்த்ததுமான தாளையே எடுத்தேன். அதோடு நிறைவடையவில்லை. பெரும்பாலான வெள்ளைத் தாள்களில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கும். அது புறஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்வதால் தாள் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பொருள் செயலிழக்க, தாள் தன் இயல்பான மஞ்சள் கலந்த வெண்மைக்குத் திரும்பும். படத்தில் மை மாறாவிட்டாலும் வெளிச்சப் பகுதிகள் மஞ்சளித்ததுபோல் தோன்றுவது இதனால்தான். இருட்டறையில் சிறிய புறஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தால், அந்தப் பொருள் உள்ள தாள் நீலமாக ஒளிரும். இல்லாதது மங்கலாகவே கிடக்கும். நான் சோதித்த ஐந்து மாதிரித் தாள்களில் இரண்டு மட்டுமே ஒளிராமல் கிடந்தன. அவற்றுள் பூச்சு வழவழப்பான, பளபளப்பற்ற பருத்தித் தாளைத் தேர்ந்தேன்.

பளபளப்பற்ற தாளுக்கு வேறு கறுப்பு, பளபளப்புத் தாளுக்கு வேறு கறுப்பு. பிரிண்டரின் தாள்வகை அமைப்பே இதைத் தீர்மானிக்கிறது. தவறாக அமைத்தால் பளபளப்பற்ற தாளில் கறுப்பு சாம்பலாக வெளிறும். பளபளப்புத் தாளில் கறுப்பு விரலோடு வந்துவிடும். என் முதல் தவறு அதைவிட எளியது, பூச்சில்லாத பின்பக்கத்தில் அச்சிட்டுவிட்டேன். விலையுயர்ந்த தாளில் தாத்தா சேற்றில் நனைந்தவர்போல வந்தார். ஈர விரலால் தாளின் மூலையைத் தொட்டால் பூச்சுள்ள பக்கம் சற்றே ஒட்டும் என்பதை அதற்குப் பிறகே கற்றேன். பருத்தித் தாளை அச்சிடும்முன் மென்தூரிகையால் துடைப்பதும் தேவை. இல்லாவிட்டால் ஒட்டியிருந்த இழை பின்னர் உதிர்ந்து, கறுப்பில் வெள்ளைப் புள்ளி விழும்.

வண்ண மேலாண்மையில் ஒன்றே ஒன்று. தாளுக்குரிய ஐசிசி விவரக்கோப்பை, அதாவது அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பை, மென்பொருளும் பயன்படுத்தி, பிரிண்டர் இயக்கியிலும் வண்ணத் திருத்தத்தை அணைக்காமல் விட்டால் திருத்தம் இரண்டு முறை நடக்கும். இரண்டில் ஒன்றுதான் பொறுப்பேற்க வேண்டும்.

பழக்கங்களும் பின்விளைவும்

முதல் மாதத்திலேயே ஒருநாள் வெளிர்சாம்பல் வரியில் இடைவெளிகள் தெரிந்தன. குற்றம் என்னுடையது. பிரிண்டரை அதன் சொந்தப் பொத்தானால் அணைக்காமல், சுவரிலுள்ள மின்விசையை அணைத்துவந்தேன். பொத்தானை அழுத்தினால் அச்சுத்தலை தன் இடத்துக்குச் சென்று, ரப்பர் மூடியின் மேல் அமர்ந்துகொள்ளும். மின்சாரத்தை நேரடியாகத் துண்டித்தால் தலை பாதிவழியில் மூடியின்றி நின்று உலரும். பழக்கத்தை மாற்றியபின், வாரம் ஒருமுறை துளைச் சோதனைத் தாளும், எல்லா நிறங்களும் உள்ள ஒரு சிறுபடமும் அச்சிட்டு வருகிறேன். ஆழ்ந்த சுத்திகரிப்பை அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. அறை மிக வறண்டிருந்தாலும் துளைகள் அடைபடும். 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் பிரிண்டருக்கு ஏற்றது.

அச்சு வெளிவந்ததும் சட்டமிடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. மை தொட்டால் ஒட்டாவிட்டாலும், அதிலுள்ள கிளைக்கால் போன்ற மெதுவாக ஆவியாகும் கரைப்பான்கள் பல நாள் வெளியேறிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் பூசிய தாள்களில் அவை பின்பக்கம் வழியே போக முடியாததால், கண்ணாடியின் உட்புறத்தில் வெண்புகைபோல் படியும். அச்சுகளை ஒருநாள் வெற்றுத்தாள்களுக்கிடையே வைத்து, அத்தாள்களை மாற்றி, மேலும் சில நாள் விட்டபின்னரே சட்டமிட்டேன். படம் கண்ணாடியைத் தொடாதபடி இடையே அமிலமற்ற அட்டையால் சாளரம் வெட்டி வைத்தேன். தொட்டால் ஈரக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் நாடாவைத் தவிர்த்து, மெல்லிய ஜப்பானியத் தாள் கீலும் கோதுமை மாப்பசையும் கொண்டு மேலோரத்தில் மட்டும் தொங்கவிட்டேன். உறையிலிடும் பிரதிகளுக்குப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் ஏற்றது, பிவிசி ஆகாது.

புதிய அச்சு அண்ணனின் அதே அலமாரியில் 26 மாதங்களாக இருக்கிறது. கருவியை அவர் அகற்றிவிட்டார் என்பதால் சோதனை முழுமையானதல்ல. ஆகவே சட்டத்துக்கு வெளியே, அதே தாளில் அச்சிட்ட 11 படிச் சாம்பல் பட்டை ஒன்றையும் திறந்தே வைத்தேன். இருட்டில் வைத்த இணைப் பட்டையோடு ஸ்கேனரில் ஒப்பிட்டபோது, ஸ்கேனரின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைத் தாண்டிய வேறுபாடு தென்படவில்லை. 26 மாதங்கள் அறுபது ஆண்டுகளுக்குச் சான்றல்ல. பழைய பிரிண்டரின் பட்டையும் அதே இடத்தில் கருவி இல்லாமலே இக்காலத்துக்குள் தெளிவாகச் செம்மை பாய்ந்துவிட்டது என்பது மட்டும் உறுதி.

பெரியம்மா வீட்டுப் படத்தை மாற்றப் போனபோது சட்டத்தைத் திறந்தோம். அட்டைச் சாளரத்தின் அடியில் மறைந்திருந்த ஓரம், வெளியே தெரிந்த பகுதியைவிட ஒரு படி அடர்த்தியாக இருந்தது. கண்ணாடி காற்றைத் தடுத்ததே தவிர ஒளியைத் தடுக்கவில்லை. ஆனால் பெரியம்மாவுக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. "இதுலதான் அப்பா அப்பா மாதிரி இருக்கார், இதையே மாட்டுப்பா" என்றார். எனவே பழைய அச்சையே மீண்டும் மாட்டினேன். புதிய நிறமி அச்சைப் பாலியெஸ்டர் உறையிலிட்டு, உறைக்குள் வைத்த அட்டையில் நாளையும் மையையும் தாளையும் மென்பென்சிலால் எழுதி, சட்டத்தின் பின்பலகைக்கு உட்புறம் வைத்து மூடினேன்.